பற்றுச்சீட்டா, பதிலா? ஒரு கவுன்சில் மின்னஞ்சலின் கதை

அடுத்த தெருவில் இருக்கும் அம்மையார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளாட்சி மன்றமான கவுன்சிலிலிருந்து வந்த மின்னஞ்சல் ஒன்றை அச்செடுத்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வடமேற்கு லண்டனுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தாளை என்னிடம் நீட்டி, "தம்பி, இது பற்றுச்சீட்டோ, பதிலோ?" என்று கேட்டார். நாம் ரசீது என்பதை அவர்கள் பற்றுச்சீட்டு என்பார்கள்.

நான் இன்னொரு கவுன்சிலில் வேலை பார்க்கிறேன். குடியிருப்பாளர்களுக்குப் போகும் கடிதங்கள், மின்னஞ்சல்கள், இணையப் படிவங்கள் ஆகியவற்றின் வாசகங்களை எழுதுவதும் திருத்துவதும்தான் என் பிழைப்பு. அந்தத் தெம்பில் தாளை வாங்கிப் படித்தேன். இரண்டு முறை படித்தும் அவர் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். அவருடையது ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்கும் இரட்டை வீடுகளில் ஒரு பாதி. மறுபாதியில் இருக்கும் குடும்பம் வீட்டின் பின்பக்கம் தரைத்தளத்தில் 6 மீட்டர் நீளத்துக்கு ஓர் அறை எழுப்ப விரும்பியது. கவுன்சில் அண்டை வீட்டாருக்குக் கடிதம் அனுப்பி, கருத்து இருந்தால் 21 நாட்களுக்குள் தெரிவிக்கச் சொன்னது. அம்மையாரின் சமையலறை ஜன்னல் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. வீட்டின் பின்பகுதிக்கு வெளிச்சம் வருவது அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான். ஆனால் பக்கத்து வீட்டாரோடு அவருக்கு நல்ல பழக்கம். தைப்பொங்கலன்று இங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் போகும், கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வரும். சண்டைக்காரி என்று பெயரெடுக்க அவருக்கு மனமில்லை.

இணையப் படிவம் அவரிடம் மூன்று வட்டங்களைக் காட்டியது: ஆட்சேபிக்கிறேன், ஆதரிக்கிறேன், நடுநிலை. அவர் நடுநிலையைத் தேர்ந்தெடுத்தார். கீழே இருந்த பெட்டியில், அறை எழும்பினால் தன் சமையலறை இருண்டுவிடும் என்று ஆறேழு வரி எழுதிப் பொத்தானை அழுத்தினார். சில நிமிடங்களில் மின்னஞ்சல் வந்தது.

இங்கிலாந்தில் திட்ட அனுமதி, அதாவது கட்டடம் கட்டக் கவுன்சில் தரும் அனுமதி, கேட்கும் விண்ணப்பத்துக்குக் கருத்து எழுதிய எவருக்கும் அந்த மின்னஞ்சல் பழக்கப்பட்டதாகவே இருக்கும். தலைப்பில் 'திட்ட விண்ணப்பத்துக்கான கருத்துகள்', பிறகு எழுத்தும் எண்ணும் சாய்கோடும் கலந்த ஒரு குறியீடு. உள்ளே முதல் வரி: திட்ட விண்ணப்பம் ஒன்றுக்குக் கருத்துகள் அளிக்கப்பட்டுள்ளன, அவற்றின் சுருக்கம் கீழே தரப்பட்டுள்ளது. அடுத்த வரியில் இத்தனை மணிக்கு, இந்தத் தேதியில், திருமதி இன்னாரிடமிருந்து. அதற்குக் கீழே மூன்று கட்டங்கள்: விண்ணப்ப விவரம், வாடிக்கையாளர் விவரம், கருத்து விவரம். மூன்றாவது கட்டத்தின் நடுவில் ஒரு வரி: 'வாடிக்கையாளர் இந்த விண்ணப்பத்தை ஆட்சேபிக்கவோ ஆதரிக்கவோ இல்லை.'

அம்மையார் இதை எப்படிப் படித்தார் என்று உட்கார்த்தி வைத்துக் கேட்டேன். 'சுருக்கம்' என்ற சொல்லைப் பார்த்ததும், கவுன்சிலில் யாரோ தன் கருத்தைப் படித்துச் சுருக்கி எழுதிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். உண்மையில் அது அவர் எழுதியதன் நகல்தான். மனிதக் கண் எதுவும் அதன்மேல் பட்டிருக்கவில்லை. 'வாடிக்கையாளர்' என்றால் பணம் கட்டியவர்தானே? கருத்துச் சொல்லத் தான் பணம் எதுவும் கட்டவில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டியது பக்கத்து வீட்டார். ஆகவே ஆட்சேபிக்கவோ ஆதரிக்கவோ இல்லாத அந்த வாடிக்கையாளர் பக்கத்து வீட்டார் என்று முடிவு கட்டியிருக்கிறார். 'அவர்கள் வீட்டுக் கட்டடத்தை அவர்களே ஏன் ஆட்சேபிக்கப் போகிறார்கள்?' என்று குழம்பி, அந்த வரியை விட்டுவிட்டார். முழு மின்னஞ்சலிலும் அவர் கண்டிப்பாகக் கவனித்திருக்க வேண்டிய வரி அது ஒன்றுதான்.

மின்னஞ்சலுக்கு நன்றி சொல்லி, எப்போது முடிவு தெரியும் என்று கேட்டுப் பதிலும் அனுப்பியிருக்கிறார். இந்த முகவரி கண்காணிக்கப்படுவதில்லை என்று உடனே திரும்பி வந்தது.

இந்த மின்னஞ்சல் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு எளிய காரணம் உண்டு. இதே வாசகம்தான் கவுன்சில் அதிகாரியின் பெட்டிக்கும் போகிறது. அதிகாரிக்கு இது சரியான வாசகம். யார், எப்போது, எந்த விண்ணப்பம், என்ன நிலைப்பாடு என்று ஒரே பார்வையில் கோப்பில் சேர்த்துவிடலாம். கருத்து எழுதியவருக்கும் அதன் நகலையே அனுப்பிவிட்டார்கள். கலியாண வீட்டில் சமையல்காரருக்கு எழுதிய சாமான் பட்டியலை விருந்தாளி கையில் கொடுத்தது போல. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவரை நோக்கி எழுதப்பட்ட ஒரு வாக்கியமும் இல்லை.

அந்த நடுநிலை வரி ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல, சட்டத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும். இங்கிலாந்தில் அண்டை வீட்டுக்காரர் அறை கட்டுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். முதலாவது வழக்கமான திட்ட அனுமதி விண்ணப்பம். சிறிய விண்ணப்பங்களுக்கு முடிவு சொல்ல கவுன்சிலுக்கு 8 வாரம். அதிகாரி எல்லாக் கருத்துகளையும் படித்து, திட்டமிடலுக்குப் பொருந்தும் காரணங்களை மட்டும் எடைபோட வேண்டும்: வெளிச்சம் மறைதல், அந்தரங்கம் கெடுதல், போக்குவரத்து, சத்தம், கட்டடத்தின் தோற்றம். வீட்டு விலை குறையும் என்பதும், ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்பதும், விண்ணப்பித்தவர் நல்லவர் இல்லை என்பதும் கணக்கில் வராது. இந்த வழியில் நடுநிலை வட்டத்தைத் தொட்டாலும் பெரிய நட்டமில்லை. எழுதிய காரணம்தான் பேசும்.

இரண்டாவது வழி வேறு மாதிரி. இரட்டை வீட்டிலோ வரிசை வீட்டிலோ இருப்பவர் பின்பக்கம் 3 மீட்டர் வரை, சில வரம்புகளுக்கு உட்பட்டு, தனி அனுமதி இல்லாமலே கட்டலாம். 3 மீட்டருக்கு மேல் 6 மீட்டர் வரை என்றால் கவுன்சிலுக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும். தனி வீடுகளுக்கு இந்த அளவு 4 மீட்டரும் 8 மீட்டரும். 2013இல் தற்காலிகமாகக் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டை 2019இல் நிரந்தரமாக்கினார்கள். இதில் கவுன்சிலுக்கு 42 நாட்கள்தான். அதற்குள் வாய் திறக்காவிட்டால் கட்டத் தொடங்கிவிடலாம். கொக்கி இருப்பது இங்கேதான்: ஒட்டியிருக்கும் வீட்டார் எவரும் ஆட்சேபிக்காவிட்டால், அண்டை வீடுகளுக்கு வரும் பாதிப்பைக் கவுன்சில் பரிசீலிப்பதே இல்லை. ஒருவர் ஆட்சேபித்தால் போதும், ஒட்டியிருக்கும் எல்லா வீடுகளுக்கும் வரும் பாதிப்பை மதிப்பிட்டாக வேண்டும்.

அம்மையாருக்கு வந்த கடிதம் இரண்டாவது வகை. அவருக்கு வந்த ஒப்புகை மின்னஞ்சலோ இரண்டு வகைக்கும் பொதுவானது. பெட்டியில் இருக்கும் வாசகத்தைப் படித்து, 'இது ஆட்சேபம்தான்' என்று எடுத்துக்கொள்ளும் அதிகாரி உண்டு. நிலைப்பாட்டு வரியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போகிறவரும் உண்டு. எந்த அதிகாரி வாய்க்கிறார் என்பதில் ஒருவருடைய சமையலறை வெளிச்சம் தொங்கக் கூடாது.

தேதியை எண்ணினோம். 21 நாட்களில் 13 போயிருந்தன. அன்றிரவே மறுபடி எழுதினோம். 'நான் ஒட்டியிருக்கும் வீட்டில் வசிக்கிறேன். இந்தக் கட்டுமானத்தை ஆட்சேபிக்கிறேன். முன்பு நடுநிலை என்று பதிவானது என் தவறு' என்று தொடங்கி, ஜன்னல் எங்கே இருக்கிறது, சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் சேர்த்தோம். பொத்தானை அழுத்தியதும் அதே மின்னஞ்சல் மறுபடி வந்தது. ஒரே ஒரு வரி மாறியிருந்தது. மாறிய இடத்தை அவர் விரலை வைத்துக் காட்டச் சொன்னார்.

மறுநாள் அலுவலகத்தில் எங்கள் கவுன்சில் அனுப்பும் இதே மாதிரி மின்னஞ்சலின் வார்ப்புருவைத் திறந்து பார்த்தேன். ஊருக்கு உபதேசம் செய்தவன் வீட்டிலும் அதே கதை. மென்பொருளோடு வந்த வாசகத்தை, அது வந்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை. அது யாருடைய பொறுப்பு என்று கேட்டால் திட்டமிடல் பிரிவு தகவல்நுட்பப் பிரிவைக் காட்டியது, அவர்கள் மென்பொருள்காரரைக் காட்டினார்கள், அங்கிருந்து கை மறுபடி திட்டமிடல் பிரிவை நோக்கி வந்தது. மூவரும் சொன்னது உண்மைதான் என்பது எனக்குப் பின்னால் புரிந்தது.

முதலில் செய்தது ஒன்றை இரண்டாகப் பிரித்தது. அதிகாரிக்குப் போவது அப்படியே போகட்டும். குடியிருப்பாளருக்குத் தனி மின்னஞ்சல். இந்த ஒரு முடிவுக்குப் பிறகு மற்றவை தாமாகவே வந்தன என்று சொன்னால் அது மிகை. ஆனால் பாதிச் சண்டை அதோடு ஓய்ந்தது.

தலைப்பு வரியில் தொடங்கினோம். கைபேசியில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். பழைய தலைப்பில் அந்த இடம் முழுவதையும் 'திட்ட விண்ணப்பத்துக்கான கருத்துகள்' பிடித்துக்கொண்டது. குறியீட்டு எண் பாதியில் வெட்டுப்பட்டது. அந்த எண் அதிகாரிக்குத் தாய்மொழி. குடியிருப்பாளருக்கோ அந்த விண்ணப்பம் 'இருபத்தெட்டாம் எண் வீடு'தான். ஆகவே 'உங்கள் கருத்து கிடைத்தது' என்று தொடங்கி, வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் போட்டோம். குறியீட்டு எண் மின்னஞ்சலின் உடலுக்குள் இறங்கியது. தொலைபேசியில் அழைக்கும்போது அது தேவைப்படும் என்பதால் தனி வரியில், எளிதாகப் படி எடுக்கும்படி.

அடுத்தது நிலைப்பாடு. அம்மையாரின் கதையை நான் அலுவலகத்தில் பெயர் சொல்லாமல் சொன்னேன். திட்டமிடல் அதிகாரி ஒருவர், இது அடிக்கடி நடப்பதுதான் என்றார். பயத்தில் நடுநிலை போடுகிறவர்கள், 'ஆதரிக்கிறேன், ஆனால்' என்று எழுதி ஆட்சேபத்தையே அடுக்குகிறவர்கள், வட்டத்தைக் கவனிக்காமலே விட்டவர்கள். ஒப்புகை மின்னஞ்சலை ரசீது என்று நினைத்தால் இந்தத் தவறைத் திருத்த அதில் இடமில்லை. ஆனால் அந்தக் குடியிருப்பாளருக்குத் தன் தவறு கண்ணில் படக்கூடிய கடைசி இடமே அதுதான். எனவே நிலைப்பாட்டைக் கட்டத்துக்குள்ளிருந்து எடுத்து, முதல் பத்தியில் முழு வாக்கியமாக, 'நீங்கள்' என்று விளித்து வைத்தோம்.

அரசாங்கத்தின் மத்திய டிஜிட்டல் சேவைப் பிரிவு 2016 முதல் நடத்திவரும் கவ்.யூகே நோட்டிஃபை என்ற மின்னஞ்சல் அனுப்பும் சேவை கவுன்சில்களுக்கும் திறந்திருக்கிறது. அதையே பயன்படுத்தினோம். மின்னஞ்சலுக்குக் கட்டணம் கிடையாது. வார்ப்புருவில் மாறும் பகுதிகளை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும். ஒரு நிபந்தனை பொருந்தினால் மட்டும் தோன்றும் வாக்கியங்களையும் வைக்கலாம். பதில் எழுதினால் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்பதையும் குறிக்கலாம். அலங்காரத்துக்கு அதிகம் இடம் தராது: தலைப்பு, புள்ளிப் பட்டியல், இணைப்பு, ஒரு கோடு. எனக்கு அது வசதியாகவே இருந்தது. வண்ணப் பட்டை எங்கே, கவுன்சில் தலைவரின் வாழ்த்துச் செய்தி எங்கே என்ற பேச்சு கூட்டத்தில் எழும் முன்னரே செத்தது.

நீண்ட இழுபறிக்குப் பிறகு வந்த வாசகத்தின் தமிழ்ச் சாரம் இது. முன்னறிவிப்பு வழியில் வரும் 6 மீட்டர் வகைக்கு, ஒட்டியிருக்கும் வீட்டாருக்குப் போவதைத் தருகிறேன்:

'உங்கள் கருத்து ((தேதி)) அன்று எங்களுக்குக் கிடைத்தது. ((முகவரி)) வீட்டின் பின்பக்கக் கட்டுமானத்தை நீங்கள் ((ஆட்சேபிப்பதாக)) பதிவு செய்திருக்கிறோம். இது சரியில்லை என்றால் ((கடைசித் தேதி))க்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுங்கள்.

ஒட்டியிருக்கும் வீட்டார் ஒருவராவது ஆட்சேபித்தால்தான் அண்டை வீடுகளுக்கு வரும் பாதிப்பை நாங்கள் மதிப்பிட முடியும். நடுநிலைக் கருத்து ஆட்சேபமாகாது.

நீங்கள் எழுதியது: ((கருத்து))

இனி என்ன நடக்கும்: ((முடிவுத் தேதி))க்குள் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத மாட்டோம். அதிகாரியின் அறிக்கையில் உங்கள் கருத்து இடம்பெறும். அறிக்கையும் முடிவும் இந்தப் பக்கத்தில் வெளியாகும்: ((இணைப்பு)).

உங்கள் பெயரும் முகவரியும் கருத்தும் எங்கள் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். விண்ணப்பித்தவரும் பார்க்கலாம். தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் வெளியாகாது.

இதை நீங்கள் எழுதவில்லை என்றால் உடனே தெரிவியுங்கள்.'

இதில் 'நன்றி' இல்லை என்பதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். முதல் வரைவில் இருந்தது. நூலகத்தில் வந்துபோனவர்கள் சிலரிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, 'உங்கள் கருத்துக்கு நன்றி. அதை முழுமையாகக் கருத்தில் கொள்வோம்' என்ற வரியில் ஒரு முதியவர் நிறுத்தி, "அப்படியென்றால் அந்தக் கட்டடம் வராது" என்றார். அவ்வளவு இனிமையாகச் சொன்னால் வேறு என்ன பொருள்? நன்றியும் போயிற்று, 'முழுமையாக'வும் போயிற்று.

'கருத்தில் கொள்வோம்' என்ற சொற்றொடரை வழக்கறிஞர் பிரிவு சும்மா வலியுறுத்தவில்லை. 1985இல் பள்ளிகளை மூடுவது தொடர்பாக பிரென்ட் கவுன்சிலுக்கு எதிராக நடந்த கன்னிங் வழக்கிலிருந்து வந்த நான்கு நெறிகள், பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் எந்த அமைப்புக்கும் இன்றுவரை அளவுகோல்: முடிவு உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும், புரிந்துகொள்ளப் போதிய விவரம் தர வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், வந்த கருத்துகளை மனசாட்சியோடு எடைபோட வேண்டும். நான்காவதை மின்னஞ்சலில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார்கள். சொல்வது நல்லதுதான். ஆனால் எங்கே, யாரால் எடைபோடப்படும் என்று காட்டுவது அதைவிட உறுதியான வாக்கு. அதனால்தான் 'அதிகாரியின் அறிக்கையில் உங்கள் கருத்து இடம்பெறும்' என்ற வரி. அறிக்கை வெளியானதும் எவரும் திறந்து பார்த்து, இடம்பெற்றதா என்று சரிபார்க்கலாம்.

பெயரும் முகவரியும் வெளியாகும் என்பதை இந்த மின்னஞ்சலில் சொல்வது உண்மையில் காலம் கடந்த சேதி. பொத்தானை அழுத்தும் முன் சொல்ல வேண்டியது அது. படிவத்தில் பார்த்தால் அது தனியுரிமை அறிவிப்பு என்ற இணைப்புக்குள், நான்கு சொடுக்குகளுக்கு அப்பால் கிடந்தது. படிவத்தை மாற்றுவது மின்னஞ்சலை மாற்றுவதைவிடக் கடினமான வேலை. அதற்குத் தனியாகப் பல மாதம் பிடித்தது. அதுவரை மின்னஞ்சலிலாவது இருக்கட்டும் என்று வைத்தோம். பெயரில்லாத கருத்துகளைப் பொதுவாகக் கவுன்சில்கள் ஏற்பதில்லை. ஆகவே பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் ஆட்சேபிக்க வழியில்லை. அம்மையார் நடுநிலையின் பின்னால் ஒளிய முயன்றதும் வீண்தான். அவர் எழுதிய ஆறேழு வரிகளும் அவர் பெயரோடு இணையத்தில் இருந்தன.

மிகப் பெரிய சச்சரவு வழக்கமான விண்ணப்பங்களுக்கான வார்ப்புருவில் வந்தது. இங்கிலாந்தில் அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் அண்டை வீட்டாருக்கு அந்த உரிமை கிடையாது. முடிவு சட்டத்துக்குப் புறம்பானது என்று ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும்? இன்னொன்றும் உண்டு. வீட்டு விரிவாக்கம் போன்றவற்றுக்கான விரைவு மேல்முறையீட்டில், முதலில் எழுதிய கருத்தே மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பப்படும். புதிதாக எதுவும் சேர்க்க முடியாது. அதாவது இந்த ஒரு முறை எழுதுவதுதான் எல்லாம். அண்டை வீட்டாருக்கு அனுப்பும் அறிவிப்பில் இதைச் சொல்ல வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. அந்தக் கடிதத்தில் அது எட்டு வரி நீளமுள்ள ஒரே வாக்கியமாக உறைந்து கிடக்கிறது.

இதை மின்னஞ்சலில் நேராகச் சொன்னால் ஆட்கள் கொதிப்பார்கள், தொலைபேசி ஓயாது என்று திட்டமிடல் பிரிவில் ஒருவர் எதிர்த்தார். இன்னொருவரின் கவலை எதிர்த்திசையில்: எது எடுபடும், எது எடுபடாது என்று விளக்கினால் ஆட்சேபிக்கப் பயிற்சி கொடுப்பது போல ஆகாதா? இரண்டாவது கவலையை நான் மதிக்கிறேன். கவுன்சில் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. ஆனால் விண்ணப்பிப்பவருக்கு வரைபடக்காரர் இருக்கிறார், பெரும்பாலும் ஆலோசகரும் இருக்கிறார். கருத்து எழுதுகிறவருக்கு இருப்பது படிவத்தில் ஒரு பெட்டி. விதியைச் சொல்வது சாய்வென்றால் சொல்லாமல் விடுவதும் சாய்வுதான். கடைசியில் சமரசம் இப்படி முடிந்தது: 'கடைசித் தேதி வரை உங்கள் கருத்தில் எதையும் சேர்க்கலாம். மேல்முறையீடு நடந்தால் பிறகு சேர்க்க முடியாமல் போகலாம்.' உரிமை இல்லை என்ற வரியைப் போட விடவில்லை. அது இன்னும் எனக்குக் குறைதான்.

மின்னஞ்சலில் வரும் இணைப்பைச் சொடுக்கினால்தான் கருத்து ஏற்கப்படும் என்று வைக்கலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. ஆஸ்திரேலியாவில் ஓப்பன் ஆஸ்திரேலியா அறக்கட்டளை நடத்தும் பிளானிங் அலர்ட்ஸ் தளம் நெடுங்காலம் அப்படித்தான் செய்தது: கருத்து எழுதியவர் மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்கி உறுதி செய்த பிறகே அது உள்ளூர் கவுன்சிலுக்குப் போகும். அவர்களுக்கு அது நியாயம். அவர்கள் நடுவில் நிற்கும் ஒரு தன்னார்வ அமைப்பு. போலிக் கருத்துகளைக் கவுன்சில்களுக்கு அள்ளிக் கொட்டினால் பெயர் கெடும். கவுன்சிலின் நிலை வேறு. உரிய காலத்துக்குள் வந்து சேர்ந்த கருத்தைக் கணக்கில் எடுப்பது அதன் கடமை. குப்பை அஞ்சல் பெட்டியில் மாட்டிக்கொண்ட ஓர் இணைப்பு ஒருவருடைய 21 நாட்களை விழுங்கிவிடலாம். ஆகவே பூட்டை மாட்டாமல், 'இதை நீங்கள் எழுதவில்லை என்றால்' என்ற வரியோடு நிறுத்திக்கொண்டோம்.

மின்னஞ்சல் முகவரியைத் தவறாக அடித்தால் நகல் வேறொருவருக்குப் போய்விடுமே என்று பாதுகாப்புப் பிரிவு கேட்டது. போகும். ஆனால் கருத்தும் பெயரும் முகவரியும் எப்படியும் இணையத்தில் வரப் போகின்றன. வராதவற்றில் கவலைப்பட வேண்டியது தொலைபேசி எண் மட்டும். அதை நகலிலிருந்து எடுத்துவிட்டோம். பழைய மின்னஞ்சலில் அது இருந்தது.

புதிய வார்ப்புரு ஓடத் தொடங்கிய பிறகு பதில் பெட்டிக்கு வந்த கடிதங்களை முதல் சில வாரங்கள் நானே உட்கார்ந்து படித்தேன். 'என் கருத்து வந்ததா' என்று கேட்பவர்கள் அநேகமாக இல்லை. 'ஆட்சேபம் என்று மாற்றுங்கள்' என்று சிலர் எழுதினார்கள். ஒருவர் 'ஆதரவு என்று மாற்றுங்கள், பக்கத்து வீட்டாரோடு பேசிவிட்டேன்' என்று எழுதியிருந்தார். தன் முகவரி வெளியாகக் கூடாது என்று கருத்தையே திரும்பப் பெற்றவர்களும் உண்டு. அது எங்கள் படிவத்தின் குற்றம்.

முடிவு வந்ததும் கருத்து எழுதியவர்களுக்கு இன்னொரு மின்னஞ்சல் போக வேண்டும் என்பது என் ஆசை. நடக்கவில்லை. கருத்துகள் இருக்கும் கிடங்கும் முடிவுகள் இருக்கும் கிடங்கும் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்றார்கள். வரைபடம் திருத்தப்பட்டால் மறுபடி கருத்துக் கேட்பதா வேண்டாமா என்பது கவுன்சிலின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஆகவே அதற்கும் நிலையான வாசகம் எழுத முடியவில்லை. தபாலில் கடிதம் எழுதுகிறவர்களுக்கு இன்னமும் எதுவும் போவதில்லை. யாரை மனதில் வைத்து இத்தனையும் எழுதினேனோ, அவர் வயதில் இருப்பவர்கள் பலரும் தபாலில்தான் எழுதுகிறார்கள்.

அம்மையாரின் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய கவுன்சில் பாதிப்பை மதிப்பிட்டது. அதிகாரி வரைபடத்தில் சமையலறை ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார்; வெளிச்சத்தைக் கணிக்கப் பல கவுன்சில்கள் கையாளும் முறை அது. 6 மீட்டர் அறை அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போனது. மறுத்துவிட்டார்கள். அறிக்கையில் அம்மையாரின் ஆட்சேபம் ஒன்றரை வரியில் இருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பழைய தாளோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டார் நீளத்தை 4 மீட்டராகக் குறைத்து மறுபடி அறிவித்தார்கள். இந்த முறை முதலில் வீட்டுக்கு வந்து, வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டியிருக்கிறார்கள். கவுன்சிலின் கடிதம் வந்தபோது அம்மையார் என்னைக் கேட்கவில்லை. நடுநிலை வட்டத்தைத் தொட்டு, வேலை நடக்கும்போது காலை எட்டு மணிக்கு முன் சத்தம் வேண்டாம் என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தக் கவுன்சிலிலிருந்து வந்த மின்னஞ்சல் ஓர் எழுத்தும் மாறாத பழைய மின்னஞ்சல்தான்.

"வாடிக்கையாளர் ஆட்சேபிக்கவோ ஆதரிக்கவோ இல்லை என்று வந்திருக்கிறது, தம்பி" என்றார், காய்கறிக் கடை வாசலில் பார்த்தபோது. "அந்த வாடிக்கையாளர் நான்தான்."